என் சந்தேகங்களைப் பொறுத்துக்கொண்ட ஹெலன் மேடம்

ஹெலன் சுகிர்தா வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வேலூர் சத்துவாச்சாரியில் தமது வீட்டில் காலமானார். வயது அறுபத்தெட்டு. மாரடைப்பு. இதை உறுதி செய்தவர் அப்போது உடனிருந்த அவருடைய தம்பி.

செய்தி முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது. யாரோ அனுப்பியதை வேறு யாரோ அனுப்பியிருந்தார். அப்படி வரும் மரணச் செய்திகளை நான் நம்புவதில்லை. அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். தம்பி எடுத்து, "உண்மைதான் சார். நீங்க யாரு?" என்றார். "தெரிஞ்சவன்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்லிப் பழக்கமில்லை.

இப்போது சொல்கிறேன். என் விவாகரத்து வழக்கு நடந்தபோதும், அது முடிந்த பிறகும், மூன்றரை ஆண்டுகள் அவரிடம் சென்றவன் நான்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: ஹெலன் மேடம் மனநல ஆலோசகர். மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறகு தம் வீட்டு மாடி அறையில் ஆட்களைப் பார்த்தார். பெயர்ப்பலகை கிடையாது. கீழே தையல் கடை. மாடிப்படி கடையை ஒட்டியே இருந்ததால், அங்கே வருகிறவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாரா, வேறு எதற்காவது வந்தாரா என்று தெருவுக்குத் தெரியாது. அதனால்தான் அங்கே என்னால் ஏற முடிந்தது.

நான் ஆம்பூரில் இருந்துகொண்டு ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் தொழில் செய்திகளை எழுதுகிறவன். ஆலைக் கழிவுநீரை ஓர் ஆய்வகத்தில் கொடுத்தால் எனக்குப் போதாது; இரண்டாவது ஆய்வகத்திலும் கொடுப்பேன். என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு வேலூரில் தன் அம்மா வீட்டுக்குப் போனபோது எனக்குத் தூக்கம் போயிற்று. ராணிப்பேட்டைச் செய்தியில் வாணியம்பாடி என்று எழுதினேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு இருந்தது.

"டாக்டர் கீக்டர்னு எங்கயும் போய்டாதீங்க சார்" என்று என் வழக்கறிஞர் எச்சரித்தார். "மனநிலை சரியில்லாதவர்னு அந்தப் பக்கம் ஒரு வரி போட்டாப் போதும், ஞாயித்துக்கிழமையும் போய்டும்."

ஆனாலும் தேடினேன். வேலூரில் ஓர் ஆலோசகர் பத்தாவது நிமிடத்திலேயே, "குழந்தைக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நான் வேணா உங்க வீட்டம்மாவுக்கு போன் போடட்டா?" என்று கைப்பேசியை எடுத்தார். எழுந்து வந்துவிட்டேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றின் நலத்துறை அதிகாரியிடம், நண்பர் என்று நம்பி, யாராவது தெரியுமா என்று கேட்டேன். அன்று மாலையே டீக்கடையில், "இன்னா சார், மனசு சரியில்லையாமே? பேஜார் பண்ணிக்காத சார்" என்றார்கள். மூன்றாவதாக, எங்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹெலன் மேடத்தின் எண்ணைக் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

நெடுஞ்சாலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கும்; ஜன்னலோரம் நம் தெருப் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் படாமலிருக்க ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தேன். மேடத்தின் முன்னால் உட்கார்ந்ததும் என் குறிப்பேட்டைத் திறந்து கேட்டேன். எங்கே படித்தீர்கள்? சான்றிதழைப் பார்க்கலாமா? எழுதுவதை எங்கே வைப்பீர்கள்? சாவி யாரிடம்? நீதிமன்றம் கேட்டால்?

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு, "கோர்ட்டு உத்தரவு போட்டா நான் போய்த்தான் ஆகணும், பொய் சொல்ல மாட்டேன். அதனாலதான் கம்மியா எழுதறேன்" என்று தம் நோட்டைத் திருப்பிக் காட்டினார். எனக்கான பக்கத்தில் தேதியும், 'தூக்கம் இல்லை' என்ற இரண்டு சொற்களும்தான் இருந்தன. வெளியே வந்து அவருடைய பழைய சகாக்கள் இருவரிடம் விசாரித்தேன். அடுத்த இரண்டு சந்திப்புகளிலும் கேள்விகள் தொடர்ந்தன. நான்காவது முறை சிரித்துக்கொண்டே, "இப்ப என் டர்னா சார், இல்ல இன்னும் விசாரணை பாக்கி இருக்கா?" என்றார். அன்றுதான் நான் பேசத் தொடங்கினேன்.

நான்கு மாதம் கழித்து, அவருடைய மாடிப்படியில் ஒருவர் ஏறுவதைத் தெருமுனையிலிருந்து பார்த்தேன். என் மனைவியின் வழக்கறிஞருடைய குமாஸ்தா. கையில் காகித உறை. இறங்கி வந்தபோது அது இல்லை. மேடம் அந்தப் பக்கத்தோடு சேர்ந்துவிட்டார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மேடத்திடம் போவதை நிறுத்தினேன். அழைப்புகளை எடுக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை தொடரலாமா என்ற விசாரணை. கூண்டில் ஏறினேன். என் வேலை நேரம், சிகரெட், மகளை அழைக்கத் தாமதமாகப் போன இரண்டு நாட்கள், எல்லாவற்றையும் கேட்டார்கள். சத்துவாச்சாரி என்ற சொல்லே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிலைத்தது. அடுத்த வாரம் மாடிப்படி ஏறினேன்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, செக் பண்ண வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் மேடம். அந்த ஆள் எதுக்கு இங்க வந்தான்?"

"யார் வந்தாங்கன்னே நான் சொல்லலியே. அப்படி ஒருத்தர் ஏன் வந்தார்னு உங்களுக்கு நான் சொன்னா, நீங்க ஏன் வர்றீங்கன்னு அவருக்கும் சொல்வேன்னு ஆயிடும். உக்காருங்க சார்."

நான் கேட்டதிலேயே முழுமையான பதில் அதுதான். ஆனாலும் முழுதாக நம்ப எனக்கு இன்னும் பல மாதங்கள் ஆயின என்பதையும் எழுதியாக வேண்டும்.

அந்த மாதங்களில் ஒரு நாள், மாமியார் வீட்டில் நடப்பவற்றை வரிசையாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் வந்தார்கள், மைத்துனர் என்ன சொன்னார், என் மனைவி யாரோடு போனில் பேசினாள். இடைமறித்தார்.

"இதெல்லாம் யார் சொன்னது?"

"பொண்ணுதான்."

"அவளாச் சொன்னாளா?"

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"பொண்ணுகிட்ட பேட்டி எடுக்கறீங்க சார். ஒம்போது வயசுல ஒரு சோர்ஸ் வச்சிருக்கீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அவளை ஒரு கேள்வியும் கேக்காதீங்க. சாப்டியான்னு கூட."

"சாப்டியான்னு கேக்கறதுல இன்னா மேடம் தப்பு?"

"அடுத்தது 'யார் சமைச்சா'ன்னு வரும்."

அதற்கு முந்தைய வாரம் மூன்று மணிக்கே "வீட்டுக்குப் போலாம்பா" என்று மகள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காப்பாற்றப் போராடிய அந்த ஒரு நாளை நானே அவளுக்குக் கசக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வேலூர்க் கோட்டைக்கு அவளை அழைத்துப் போனேன். அகழி ஓரம் நடந்தோம், மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா தின்றோம். வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. அவள் இரண்டு முறை சந்தேகமாக என்னைப் பார்த்தாள், என் மகள்தானே. நான்கு மணி இருக்கும். "ப்பா, எனக்கு பல்லு ஆடுது. அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல" என்றாள். எந்தப் பல் என்று கேட்கவில்லை. அவளே வாயைத் திறந்து காட்டினாள்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று, "எல்லாம் முடிஞ்சுது மேடம், இனிமே வர வேண்டியதில்ல" என்றேன். "கேஸ்தான் சார் முடிஞ்சுது. நீங்க செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். மேலும் ஒன்றரை ஆண்டு போனேன். அந்தக் காலம்தான் எனக்கு அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை மாலை அடக்கம். குடும்பத்தாரும் திருச்சபையினரும் குழியைச் சுற்றி நிற்க, சற்றுத் தள்ளி மதில் ஓரம் பத்துப் பதினைந்து பேர் தனித்தனியாக நின்றார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவனாக நானும் ஒரு பிடி மண் போட்டேன். போய் வாருங்கள் மேடம். உங்களிடம் கேட்க என்னிடம் கேள்வி எதுவும் மீதமில்லை.

வாசலுக்கு நடக்கும்போது, மதில் ஓரம் நின்றவர்களில் ஒருவரான அந்தக் குமாஸ்தா என் பக்கத்தில் வந்தார். இந்த வரிகளை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

"சார், இவங்கள மாதிரி வேற யாராச்சும் இருக்காங்களா? நம்பிப் போலாமா? நீங்க விசாரிச்சா கரெக்டா இருக்கும்."

யாருக்கு என்றோ, அன்று அந்த உறையில் என்ன இருந்தது என்றோ நான் கேட்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ராணிப்பேட்டையில் ஒருவர் இருக்கிறார். அவருடைய தகுதி பற்றி இருவரிடம் கேட்டுவிட்டேன். இருவரும் சொன்னது ஒத்துப்போகிறது. புதிதாக ஆட்களைப் பார்க்க நேரம் உண்டா என்பது மட்டும் தெரியவில்லை. திங்கள் மாலைக்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.