எதிரணிக்காரர் வேடத்தில் அண்ணா

நினைவு மலரில் எழுதுவதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. மறைந்தவர் யாரிடமும் கோபப்பட்டதில்லை, யாரையும் புண்படுத்தியதில்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதும் நடைமுறைகளைக் காப்பாற்றியவள் நான். ஆனாலும் இதைக் காப்பாற்ற வழியில்லை. அண்ணா கோபப்படுவார். ஆறிப்போன காப்பிக்கும், நடுவழியில் நின்றுபோகும் மெட்ரோவுக்கும், என் அறிவுரைகளுக்கும் தவறாமல் கோபப்படுவார். புண்படுத்தவும் செய்தார். இந்த மலரைப் பெறுகிறவர்களில் அண்ணா குரலில் தம் பேச்சையே கேட்டு முகம் சிவக்காதவர் யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்தலாம்.

அண்ணா பிறந்தது கல்கத்தாவின் டாக்குரியாவில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிப் பகுதியில். அப்பா ஒரு தேயிலைக் கம்பெனியில் அதிகாரி. அண்ணாவுக்கு இரண்டு வயதானபோது நான் பிறந்தேன். அவரிடம் இரண்டு திறமைகள் சிறு வயதிலேயே தென்பட்டன. ஒன்று, ஏரிக்கரை மைதானத்தில் கிரிக்கெட் ஆடும்போது எல்லைக்கோட்டிலிருந்து ஓடிக்கொண்டே பக்கவாட்டில் பந்தை வீசுவார்; அது தரையோடு தரையாகப் பறந்து விக்கெட் கீப்பர் கையில் விழும். இன்னொன்று, யாரைப் பார்த்தாலும் அவரைப் போலவே பேசிக் காட்டுவார்.

ஒரு மாலை கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "என்ன, காப்பி வருமா, நாளைக்குத்தானா?" அம்மா சமையலறையிலிருந்து, "இதோ வந்துண்டே இருக்கேன்னா!" என்று டம்ளரோடு ஓடி வந்தார். நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அண்ணா உட்கார்ந்திருந்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் வாசலில் நிஜமான அப்பா. செருப்பைக் கழற்றியபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அந்தக் காப்பியை இப்படிக் கொடு," என்றார் அம்மாவிடம். ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணாவைப் பார்த்தார். "நான் 'நாளைக்குத்தானா'ன்னு கேக்க மாட்டேன். 'இல்லையா'ன்னுதான் கேப்பேன். பண்றதைச் சரியாப் பண்ணு."

பள்ளி முடிந்ததும் பொறியியல் படிக்க அண்ணாவுக்கு அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் இடமும் உபகாரச் சம்பளமும் கிடைத்தன. சுற்றிலும் சோள வயல். மாணவர் விசாவில் போனவர்கள் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கக்கூடாது என்பது விதி. விதியைப் படித்துவிட்டு அதன்படி நடந்த ஒரே மாணவர் அண்ணாதான் என்று நினைக்கிறேன். வளாகத்துக்குள் காலியாக இருந்த ஒரே வேலை, கல்லூரிக் கால்பந்து அணியின் சாமான் அறையில். துண்டு துவைப்பது, ஹெல்மெட் துடைப்பது, தண்ணீர் கொண்டு போவது.

அது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து. அணியின் நடுவில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் நிற்பார். அவர் கைக்குப் பந்து வந்ததும் எதிரணியின் பெரிய பெரிய ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வருவார்கள். வந்து சேர்வதற்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்து எறிந்துவிட வேண்டும். இது தெரிந்தால் மீதியைப் படிக்கப் போதும்.

ஒருநாள் சாமான் அறையில் அண்ணா, அடுத்த வாரம் மோதப்போகும் கல்லூரியின் குவார்ட்டர்பேக்கைப் போல நடந்து காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளின் ஆட்டத்தைப் படச்சுருளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார். அவன் எப்படிப் பின்வாங்குவான், எந்தப் பக்கம் பார்ப்பான், எறியுமுன் இடது கையால் பந்தை எப்படி ஒரு தட்டுத் தட்டுவான், எல்லாம் அப்படியே. பயிற்சியாளர் கதவருகே நின்று பார்த்தார். "எறியவும் வருமா?" என்று கேட்டார். வந்தது.

அன்று முதல் அண்ணாவின் ஆட்ட வாழ்க்கை தொடங்கியது. பெரிய அணிகளில் இது ஒரு முறையான வேலையே. எதிரணி எப்படி ஆடும் என்று நம் ஆட்கள் பழகுவதற்கு, பயிற்சியில் ஒருவர் எதிரணியின் குவார்ட்டர்பேக்காக நடிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் அண்ணா வேறொருவர். எறியும் விதம்கூட அந்தந்த ஆளுடையதாக இருக்க வேண்டும்; ஏரிக்கரை வீச்சுக்குத் தடை. சனிக்கிழமை ஆட்டம் நடக்கும்போது நிஜமான ஆள் எதிர்ப்பக்கம் நிற்பான். அண்ணா கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்பார்.

கல்லூரி அணியில் அண்ணா குவார்ட்டர்பேக் என்ற செய்தி ஏரோகிராமில் டாக்குரியாவை அடைந்தது. அப்பாவின் காலை நடை கெட்டது. கீழ் வீட்டு கோபால்தா கால்பந்துப் பைத்தியம். தினமும் சந்தையில் மீன் கூடைகளுக்கு நடுவே அப்பாவை மறிப்பார். "மேஷோமோஷாய், சேலே கேலேச்சே?" மாமா, பையன் ஆடினானா என்று அர்த்தம். அப்பா, கையில் முருங்கைக்காயோடு, "பிராக்டிஸ்ல இருக்கான்," என்பார். மறு வாரமும் அதே கேள்வி, அதே பதில். கத்தரிக்காய்க்காரரும் கேட்கத் தொடங்கினார்.

எப்போதாவது தொலைபேசி கிடைக்கும்போது அப்பா நலம் விசாரிக்கமாட்டார். "ஆடினியா?" என்று கேட்பார்.

"இல்லப்பா. பிராக்டிஸ்."

"யாரா இருந்தே இந்த வாரம்?"

அண்ணா ஏதோ ஒரு பெயரைச் சொல்வார். அப்பா, "என்னிக்குத்தான் நீயா ஆடுவே?" என்று வைத்துவிடுவார். எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கவலை அதுதான். பரீட்சை மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை.

கடைசி வருஷம் அண்ணாவை மூன்றாவது குவார்ட்டர்பேக் என்று அணியில் முறைப்படி சேர்த்தார்கள். மூன்றாவது என்றால் ஆடமாட்டார் என்பதற்கு மரியாதையான பெயர். பருவம் முடிந்தது. "கடைசி ஆட்டம் தோற்றுவிட்டோம்," என்று எழுதினார். அவ்வளவுதான். பட்டத்தோடு கல்கத்தா திரும்பினார், இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அண்ணா ஆடவேயில்லை என்பது எங்கள் குடும்பத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடு ஆயிற்று. அப்பா கோபால்தாவைத் தவிர்க்க வேறு சந்தைக்குப் போனார்.

சில வருஷங்கள் கழித்து அண்ணாவின் கல்யாணத்துக்கு வால்ட் வந்தார். அண்ணாவின் அணியில் சென்டர், அதாவது முன்னால் குனிந்து நின்று கால்களுக்கு நடுவே பந்தைக் குவார்ட்டர்பேக்குக்குக் கொடுப்பவர். எங்கள் வீட்டு நிலைப்படியில் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் இட்லி. அம்மா எண்ணாமல் வைத்துக்கொண்டே இருந்தார். கோபால்தா அமெரிக்கரைப் பார்க்க மேலே வந்திருந்தார். அப்பா கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால்.

வால்ட் உப்பு ஜாடியைத் தூக்கி மேஜை நடுவில் வைத்தார். "இதுதான் கல்கட்டா," என்று அண்ணாவைக் காட்டினார். அணியில் அண்ணாவுக்கு அதுதான் பெயராம். பிறகு டம்ளர்களை வரிசையாக அடுக்கி ஐந்து நிமிஷம் விடாமல் இங்கிலீஷில் பேசினார்.

"என்னடா சொல்றார்?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கடைசி மேட்ச்ல நானும் கொஞ்ச நேரம் நின்னேங்கறான்."

"அவ்வளவு பேசினதுக்கு ஒரு வரியா?" என்றேன் நான். "நீ இட்லியைச் சாப்பிடு. அம்மாவுக்கு நான் சொல்றேன்."

வால்ட் சொன்னது இது. முதல் குவார்ட்டர்பேக்குக்கு முன்பே கணுக்கால் முறிந்திருந்தது. கடைசி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இரண்டாமவருக்குத் தோள் இறங்கியது. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். அங்கே அண்ணாதான் இருந்தார்.

அண்ணா உள்ளே போனார். பந்து கைக்கு வந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் எதிரணியின் குவார்ட்டர்பேக்காகவே வாழ்ந்திருந்தார். உடம்பு அதை விடவில்லை. அவனைப் போலவே பின்வாங்கினார், அவனைப் போலவே வலப்பக்கம் பார்த்தார், பந்தை ஒரு தட்டுத் தட்டி இடப்பக்கம் எறிந்தார். எதிரே நின்றவர்கள் யார்? அந்த ஆளோடு வருஷக்கணக்காகப் பயிற்சி செய்தவர்கள். அந்தத் தட்டுக்கு அர்த்தம் அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"எறியறதுக்கு முன்னாடியே ஒருத்தன் அங்க போய் நின்னுட்டானாம்மா. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி," என்றேன். அவன் பந்தைப் பிடித்து இந்தக் கோடி வரை ஓடிப் புள்ளி எடுத்துவிட்டான்.

அம்மா அண்ணாவைப் பார்த்தார். "அட அசடே!"

"அதான் சொல்ல வேண்டாம்னேன்," என்றார் அண்ணா தட்டைப் பார்த்தபடி.

கூடத்தில் செய்தித்தாள் புரளவில்லை.

வால்ட் கையை உயர்த்தினார், இன்னும் முடியவில்லை என்று. மறுபடி பந்து இவர்களிடம் வந்ததும் அவர் குனிவதற்கு முன் திரும்பி, "கல்கட்டா, ஒரு வாரமா அவனா இருந்தது போதும். இப்போ நீ வா," என்றாராம். அதற்கு அண்ணா, "நான் எப்படி எறிவேன்னு எனக்கே தெரியாதே," என்றாராம்.

"எனக்கும் தெரியாது," என்றார் வால்ட். "அவங்களுக்கும் தெரியாது. அதுதான் நல்லது!"

பந்து வந்தது. அண்ணா பின்வாங்கவில்லை. எல்லைக்கோட்டு ஓரம் பந்தைத் துரத்துகிறவரைப் போலப் பக்கவாட்டில் ஓடினார். ஓட்டத்திலேயே, இடுப்புயரத்திலிருந்து வீசினார். உப்பு ஜாடி டம்ளர்களைச் சுற்றி ஓடியது. வால்ட்டின் பெரிய கை மேஜையின் அந்தக் கோடியிலிருந்த சட்னிக் கிண்ணத்தைத் தொட்டது. இப்படி எறிந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எதிராளிகள் அண்ணாவையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அடுத்தடுத்து எறிந்தார், அணி முன்னே போனது. கடைசி எறி கோட்டைத் தாண்டி நின்றவர் மார்பில் போய் விழுந்தது. புள்ளி.

"ஜெயிச்சாளா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. முதல்ல கொடுத்த புள்ளியில தோத்தா."

ஆட்டம் முடிந்து எதிரணியின் குவார்ட்டர்பேக் கைகுலுக்க வந்தானாம். "உன்னோட முதல் எறி எங்கயோ பார்த்த மாதிரி இருந்ததே?" என்று கேட்டான். அண்ணா, "உன்னோடதுதான். திருப்பிக் கொடுத்துட்டேன்," என்றார்.

கோபால்தா மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு நியாயஸ்தர் முகத்தோடு, "ஆனா கையால ஆடியிருக்கான்," என்றார் வங்காளியில்.

அப்பா கூடத்து வாசலில் வந்து நின்றார். செய்தித்தாள் கையில் தொங்கியது. "தோத்ததை எழுதத் தெரிஞ்சுது. ஆடினதை எழுதத் தெரியலையோ? மார்க்கெட்ல பதில் சொன்னது நானா, நீயா?"

"தப்பா ஆடினேன்ப்பா."

"முதல்ல ஆடினது அவன். அது அவன் தப்பு," என்றார் அப்பா. "பின்னால ஆடினதுதான் நீ." பிறகு கோபால்தா பக்கம் திரும்பி, சந்தைக் கேள்விக்கு வருஷக்கணக்காக வைத்திருந்த பதிலை வங்காளியில் சொன்னார். "கேலேச்சே."

அண்ணாவின் ஆட்ட வாழ்க்கை மொத்தம் கால் மணி நேரம்கூட இராது. அதைவிட நீளமான பணிக்காலங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் இவ்வளவு வேலை நடந்ததில்லை.

கம்பெனியில் அண்ணாவுக்குப் பழைய உத்தியோகமே கிடைத்தது. தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் முதல் நாள் ஒத்திகையில் அண்ணா சங்கத் தலைவராக உட்காருவார். ஒருமுறை அவர் வாதாடிய வேகத்தில் மேலாளர் ஒத்திகையிலேயே போனஸை ஒப்புக்கொண்டுவிட்டார். செய்தி கேள்விப்பட்ட நிஜத் தலைவர் மறுநாள் அண்ணாவிடம் வந்து, "தாதா, அடுத்த தடவை எங்க ஒத்திகைக்கு மேலாளரா வருவீங்களா?" என்று கேட்டார். அண்ணா போனார். இரு தரப்புக்கும் உழைத்ததால் இரு தரப்பும் நம்பின. இது எந்த விதியிலும் வராது.

மன்னியோடு டாலிகஞ்ச் குடியிருப்பில் குடியேறி, ஒரு பெண்ணை வளர்த்து, ஓய்வு பெற்று, காலை நடையில் பாதிப் பேட்டையைச் சிரிக்க வைத்தார். சென்ற வருஷம் இதயம் பழுதாகி மருத்துவமனையில் இருந்தபோது, டாக்டர் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே டாக்டரின் குரல் வார்டில் கேட்கும். நர்ஸ்கள் அவசரமாக எழுந்து நிற்பார்கள், பிறகு திட்டுவார்கள். கடைசிக்கு முந்தின நாளும் திட்டினார்கள். மறுநாள் விடியலில், மன்னி கையைப் பிடித்திருக்க, சிரமமில்லாமல் போனார்.

இனி நன்றி. அந்த நர்ஸ்களுக்கு, ஆம்புலன்ஸ் வரும் முன்பே படியில் நாற்காலியோடு தயாராக நின்ற பேட்டைக் கிளப் இளைஞர்களுக்கு, மின் தகன மேடையில் வரிசையை மதித்த, மதிக்காதவர்களைத் தடுத்த கோபால்தாவின் மகனுக்கு, காளிகாட்டிலிருந்து தினமும் வந்து காரியங்களை நடத்திய சாஸ்திரிகளுக்கு, இறப்புச் சான்றிதழில் பெயரை ஒரே முயற்சியில் சரியாக எழுதிய குமாஸ்தாவுக்கு. இப்படி நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொலைவிலிருந்து தினமும் கூப்பிட்ட வால்ட்டுக்கு.

இன்னும் சிலர் பாக்கி. பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மன்னி, "எல்லாரையும் அவர் பண்ணிக் காட்டினார். யாராவது அவரைப் பண்ணுங்கோளேன்," என்றார். சித்தப்பா பிள்ளை ராஜாமணி முதலில் எழுந்தான். தொண்டையைச் செருமி ஏதோ பேசினான்.

"இது எங்கப்பா மாதிரின்னா இருக்கு," என்றாள் அவன் தங்கை.

"அண்ணா பண்ற நம்மப்பா இதுடி," என்றான் அவன்.

அடுத்தவர் செய்தது அண்ணா செய்யும் டாக்டர். அதற்கடுத்தவர், அண்ணா செய்யும் நான். அது மிகவும் மோசமாக இருந்தது. வால்ட்டும் வீடியோ அழைப்பில் ஏதோ முயன்றார், அவருடைய குரல்தான் வந்தது. அண்ணாவின் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தருக்கும் அப்பா வரலை," என்றாள்.

முயன்ற அத்தனை பேருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.