காற்று என்று சொன்னேன்

ஜெரோமின் வண்டியின் பின்சில்லுகள் இரண்டுக்கும் காற்று அடித்தவன் நான்தான். ஒன்றுக்கு இருபத்தைந்து மிதி. மற்றதற்கும் இருபத்தைந்து. எண்ணித்தான் அடித்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒருவனைக் கெடுக்க நினைப்பவன் அவனுடைய சில்லின் காற்றைத் திறந்துவிட்டுப் போவான். காற்று அடித்துக் கெடுத்தவனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எட்டு வருடமாக இதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்... உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

மணலைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தார் வீதியில் ஓட ரயர் இறுகியிருக்க வேண்டும். மணலில் ஓட அது தளர்ந்திருக்க வேண்டும். பாதிக் காற்றை இறக்கிவிட்டால் ரயர் பரந்து, மணலின் மேலே மிதந்து போகும். இறுகிய ரயர் மணலைத் தோண்டும். தோண்டித் தோண்டித் தனக்குத் தானே குழி வெட்டி, அச்சுவரை இறங்கிவிடும். இவ்வளவுதான் வித்தை. இது விளங்கினால் என் குற்றமும் விளங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் மலை ஏது என்று கேட்பீர்கள். இல்லைத்தான். எங்கள் பக்கத்தில் உயரமாக நிற்பவை கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். ஆனால் வடமராட்சியின் கிழக்குக் கரையில், மணற்காட்டில், கடல்காற்று குவித்து வைத்த மணல்மேடுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியதை நாங்கள் 'மலை' என்போம். வருடத்துக்கு ஒருமுறை அதன் அடியில் கூடுவோம். 'மலை ஏற்றம்' என்று துணியில் எழுதிக் கட்டியும் வைப்போம். எங்களுக்கு அதில் வெட்கமே இல்லை!

நாங்கள் என்றால் ஒரு கழகம். கழகம் என்றால் ஏழு வண்டி. ஆமை ஓடுபோல வளைந்த பழைய கார்களின் மேலுடம்பைக் கழற்றிவிட்டு, அடித்தட்டின்மேல் இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டி, மணலில் ஓடச் செய்த வண்டிகள். கூரை இல்லை, கதவு இல்லை. நாங்கள் 'பக்கி' என்போம். ஊரவர்கள் 'எலும்புக் கார்' என்பார்கள். இரண்டில் எது பொருத்தம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தலைவர் தவம் அண்ணை. கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரி. அவர் வண்டியில் ஏறினால் இரண்டு நாளைக்கு உடம்பில் வெங்காய மணம் போகாது. செயலாளர் வசந்தி அக்கா. வல்வெட்டித்துறையில் பள்ளிக்கூட ரீச்சர். மணலில் அவர் ஓட்டுவதைப் பார்த்தால் அவரிடம் பிள்ளையைப் படிக்க அனுப்ப யோசிப்பீர்கள். நான் புத்தூர்க்காரன். தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களும் லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரங்களும் திருத்துபவன். தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழைச் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஜெரோம் குருநகரில் படகு எஞ்சின் திருத்துபவன். அவனிடம் சான்றிதழ் கிடையாது. அவனிடம் இருந்தது காது.

அந்தக் காதை நான் எப்படிச் சொல்வேன்... ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்ப்பான். கண்ணை மூடுவான். பிறகு, பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோல, எது தளர்ந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வான். சொன்னது ஒருநாளும் பிழையானதில்லை. கழகத்தில் ஒரு வண்டி புறப்படுமுன் ஒரே ஒரு கேள்விதான்: "ஜெரோம் காது வைச்சானோ?"

என்னை ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருட மலை ஏற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் தவம் அண்ணையின் வண்டி விட்டு விட்டு ஓடியது. என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மூன்று நாள் மினக்கெட்டேன். கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றினேன். மூன்றாம் நாள், திரும்பப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டபோது, அந்த வழியால் வந்த ஜெரோம் மோட்டார்சைக்கிளை நிறுத்தினான். இறங்கவில்லை; தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மச்சான், மூண்டாவது பிளக்கின்ரை வயர் லூஸ்."

லூஸ்தான். தவம் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த நாள் கொடிகாமம் சந்தை முழுவதும் சிரித்தது. "சட்டம் போட்ட மெக்கானிக்" என்று எனக்குப் பெயரும் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே என்ன எரிந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஜெரோம் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மலை ஏற்றத்தன்று காலை மணற்காட்டில் எல்லோரும் குந்தியிருந்து ரயர்களில் காற்றை இறக்கினோம். ஜெரோமும் எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் இறக்கினான். பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். திருப்தியோடு எழுந்தான். சவுக்கு மரங்களின் கீழே அவனுடைய வீட்டார் கொடுத்துவிட்ட கணவாய்க் கறி சூடாகிக்கொண்டிருந்தது. மணம் வந்ததும் ஒருவரும் நிற்கவில்லை.

"வாருமன் தம்பி, பிறகு கணவாய் இல்லையெண்டு அழுறேல்லை," என்று வசந்தி அக்கா கூப்பிட்டார்.

"ஒரு நட்டை இறுக்கிப்போட்டு வாறன் அக்கா," என்றேன்.

காலால் மிதிக்கும் காற்றுப் பம்ப் என் வண்டியில்தான் இருந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். பிறகு போய் மூன்று துண்டு பாணும் ஒரு கோப்பை கணவாயும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

நான் நினைத்தது சின்ன விஷயம். அவன் புதைவான், நாங்கள் சிரிப்போம், அவன் ரயரைப் பார்ப்பான், யாரடா அடித்தது என்று கத்துவான், நான் கையைத் தூக்குவேன், எல்லோரும் என் முதுகில் இரண்டு போடுவார்கள். அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான்... அப்படித்தானா? இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெரோம் கடைசியாக ஏறினான். பாதி மலையில் வண்டி மூக்கைத் தூக்கியது, பின்பக்கம் சீறியது, அப்படியே அச்சுவரை இறங்கிவிட்டது. ஓடிப் போனோம். சில்லுகள் மணலுக்குள்ளே இருந்தன. ரயர் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அவன் காற்று இறக்கியதை எல்லோரும் பார்த்தவர்கள். அதனால் ரயரைப் பற்றி ஒருவரும் நினைக்கவுமில்லை. எல்லோரும் எஞ்சினைத்தான் பார்த்தார்கள்.

ஜெரோம் காதை வைத்தான். கண்ணை மூடினான்.

"எஞ்சின் நல்லாத்தான் கதைக்குது. பிழை வேறை எங்கையோ," என்றான்.

எவ்வளவு சரியாகச் சொன்னான் பாருங்கள்.

அப்போது தவம் அண்ணை என் பக்கம் திரும்பினார். "குமரன், நீ என்ன சொல்லுறாய்?"

முதல்தடவையாக என்னைக் கேட்டார்கள். மற்ற ஆறு வண்டிக்காரரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு நிமிடத்தின் இனிப்பை நான் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

"ரைமிங் பிந்தியிருக்கு," என்றேன். "பிளக்கிலை நெருப்புப் பொறி பிந்தி விழுது. பாரம் இழுக்கேக்கைதான் தெரியும். காதுக்குப் பிடிபடாது."

"காதுக்குப் பிடிபடாதோ?" என்று ஜெரோம் கேட்டான்.

"பிடிபடாது."

பிறகு நடந்ததுதான் எங்கள் கழகத்தின் மிகச் சந்தோஷமான மத்தியானம். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். ஜெரோம் மாற்றிக் கட்டக் கொண்டுவந்த சாரத்தை எடுத்து மணலில் விரித்தான். கழற்றியதையெல்லாம் அதில் வரிசையாக அடுக்கினோம். வசந்தி அக்கா சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தார். அதனால் காபரேற்றரின் துளையைக் குத்தித் துப்புரவாக்கினோம். குடை பிடிக்க ஒருவர், ஊத ஒருவர், யோசனை சொல்ல நால்வர். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னத் திருகாணி தவம் அண்ணையின் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது.

மணற்காட்டு மணலில் திருகாணி தேடியிருக்கிறீர்களா?

தேநீர் வடியைக் கொண்டுவந்தார்கள். ஏழு பேரும் முழங்காலில் நின்று மலையை வடிகட்டினோம். தவம் அண்ணை பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். ஜெரோம் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தான்.

"ரெண்டு பேரும் வந்தால் ஆளுக்கொரு வடி குடுங்கோ. சும்மா பாத்துக்கொண்டு நிக்க விடாதையுங்கோ," என்றார் வசந்தி அக்கா.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது. திருகாணி கிடைத்தபோது போட்ட கூச்சலில் கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் பூட்டினோம். நான் ரைமிங்கைத் திருத்துவதுபோல முன்னே திருப்பி, திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து இறுக்கினேன். ஜெரோம் எஞ்சினை ஓடவிட்டுக் காதை வைத்தான்.

"சத்தம் அப்பிடியேதானே மச்சான் கிடக்கு?"

"மாறிப்போச்சு. வடிவாக் கேள்," என்றேன்.

இனி ரயர். சில்லைச் சுற்றி மணலைத் தோண்டுகிறேன் என்று நானே குந்தினேன். ஓர் ஈர்க்குத் துண்டால் வால்வை அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்தது. மற்றப் பக்கம் போனேன். எஞ்சினின் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

"என்னடா, உஸ்ஸெண்டு ஒரு சத்தம் கேக்குது?"

"காத்து," என்றேன்.

நான் அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் பொய்யாகத்தான் சொன்னேன். அந்த நேரம் காற்றே வீசவில்லை. கொஞ்சம் அசைந்தாலே இரைகிற சவுக்கு மரங்கள் சும்மா நின்றன. அவன் அந்த மரங்களை ஒருதடவை பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தை நம்பினான்.

வண்டி ஏறியது. எப்படி ஏறியது தெரியுமா! உச்சியில் நின்று அவன் இரண்டு கையையும் விரித்தான். நாங்கள் கீழே துள்ளினோம். இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கினான். வருடாவருடம் முதலாவதாக வருபவருக்குக் கைமாறும் பழைய ரப்பர்க் குமிழ் ஹோர்ன் ஒன்று எங்களிடம் உண்டு. அது ஐந்து வருடமாக அவன் வண்டியில் இருந்தது. கழற்றி என் வண்டியில் தன் கையாலே பூட்டினான்.

"இது மெக்கானிக்குக்கு," என்றான்.

அன்றோடு 'சட்டம் போட்ட மெக்கானிக்' என்ற பெயர் போய்விட்டது. நான் வெறும் மெக்கானிக் ஆனேன். அடுத்த கூட்டத்தில், எல்லா வண்டிகளின் ரயரையும் பார்த்துக் காற்றின் அளவு சொல்லும் பொறுப்பையும் எனக்குத் தந்தார்கள். என் பெயரை முன்மொழிந்தவன் ஜெரோம். இன்றுவரை அது என் வேலை.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். முதல் கிழமையில் சொல்லியிருந்தால் பகிடி. முதல் வருடத்தில் சொல்லியிருந்தால் ஒரு சண்டை. பிறகு ஒரு தேநீர். அவனுடைய கல்யாண வீட்டில் சொல்லப் போனேன். அவன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், "இவன்தான், நான் சொன்ன மெக்கானிக்," என்று பெண்வீட்டாருக்குக் காட்டினான். வாயில் இருந்த கேக்கை விழுங்கினேன். சொல்ல வந்ததும் அதோடு போய்விட்டது.

ஆனால் ஒன்றை நான் கவனிக்கத் தொடங்கினேன். ஜெரோம் இப்போது கண்ணை மூடிக் காதை வைப்பதில்லை. வைத்தாலும் நிமிர்ந்து என்னைத் தேடுவான். நான் இல்லாவிட்டால் போன் எடுப்பான். போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்து, "ஒருக்காக் கேட்டுச் சொல்லு மச்சான்," என்பான். எனக்கு என்ன கேட்கும்? இரைச்சல் கேட்கும். அதைக் கேட்டு நான் ஏதாவது சொல்வேன்.

போன வருடம் ஒரு படகு எஞ்சினை அப்படிக் கேட்கவைத்தான். "உள்ளுக்கை ஏதோ தேயுறமாதிரி எனக்குக் கிடக்கு... நீ என்ன சொல்லுறாய்?" என்றான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஒண்டுமில்லை, விடு," என்றேன். படகு நடுக்கடலில் நின்றுவிட்டது. வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. மத்தியானத்துக்கு முன்னர் எல்லோரும் சிரித்துக்கொண்டு கரையேறினார்கள். மீன்தான் இல்லை. பழியை ஜெரோம் தன்மேல் போட்டுக்கொண்டான்.

"போனிலை உனக்கு எப்பிடி வடிவாக் கேக்கும்? என்ரை பிழைதான்," என்றான்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். சாப்பிட்டேன். நித்திரைதான் வரவில்லை.

இந்த ஞாயிறு மறுபடியும் மலை ஏற்றம். கணவாய் வரும், தேநீர் வடி வரும், தவம் அண்ணை திருகாணிக் கதையை மறுபடியும் தொடங்குவார். எனக்கு இப்போதே கால் தரையில் நிற்கவில்லை. இந்தச் சந்தோஷம் முழுவதும் அந்த ஐம்பது மிதியின் மேலே நிற்கிறது என்று தெரிந்தும் நிற்கவில்லை. நான் இப்படிப்பட்டவன்தான்.

இன்று காலை ஜெரோம் போன் எடுத்தான். பின்னாலே அவனுடைய பக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"கேள் மச்சான்," என்றான்.

கேட்டேன். இன்றைக்கென்று மனம் துணிந்தது. "உன்ரை காது என்ன சொல்லுது ஜெரோம்? முதல் அதைச் சொல்லு," என்றேன்.

அவன் சிரித்தான். வருத்தமே இல்லாத சிரிப்பு.

"அதை விடடா. மணற்காட்டிலை பொய் சொன்ன காதெல்லோ இது. நீ சொல்லு."

வாயைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

"நல்லா இருக்கு," என்றேன்.

"அப்ப சரி," என்று போனை வைத்தான்.