நின்றுபோன ரயிலும் பால் நேரமும்

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே யோசிக்கிறேன், நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதும் ஒரு வேலைதான் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பியதில்லை. எட்டாவது படித்த எனக்குத் தாம்பரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் அது கிடைத்தது. கம்ப்யூட்டர் திரையில் படம் காட்டவைக்கிற ‘டிரைவர்’ என்ற புரோகிராமை எழுதுகிற இடம். கைக்குழந்தை மாடம்பாக்கத்தில், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம். பாட்டிலைத் தொடாது. சாயங்காலப் பாலுக்கு நான் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கு அந்தத் தவிப்பைச் சொல்லவேண்டியதில்லை.

தலையாட்டல்

திரையில் ஒரு ரயில் ஓடும். படம் பாதியில் வெட்டி முன்பாதியும் பின்பாதியும் ஒட்டாமல் தெரிந்தால், அதைக் குறித்துவைக்கப் பட்டனை அழுத்தவேண்டும், அதுதான் என் வேலை. கம்ப்யூட்டருக்குள்ளே ஒன்று படத்தை வரைகிறது, இன்னொன்று அதைத் திரையில் காட்டுகிறது. வரைவது ‘முடித்தேன்’ என்று சொல்லும்வரை காட்டுவது காத்திருக்க வேண்டும், அந்தக் காவலுக்குப் பெயர் ஃபென்ஸ், அதாவது வேலி, என்றார் இன்ஜினியர் செல்வின் சார். கேள்வி கேட்கக் கூச்சம். புரிந்தமாதிரி தலையை ஆட்டி வைத்தேன். சார் கண்டுபிடித்துவிட்டார்:

“புரியலைன்னா தலையை ஆட்டாதீங்கக்கா, நான் நம்பிடுவேன்.”

சாருக்கு மட்டும் ஒழுங்கு

எஞ்சின் முன்னே போய்விடும், பெட்டிகள் பின்னாலேயே நிற்கும். பட்டனை அழுத்துவேன். எங்கே தப்பு என்று பார்க்க சார் புரோகிராமுக்கு நடுவில் ஒரு வரி எழுதிச் சேர்ப்பார். அந்த வரியால் ஏற்படுகிற சின்னத் தாமதத்திலேயே வரைவது முடிந்துவிட, ரயில் அழகாக ஓடும். வரியை எடுத்தால் மறுபடி வெட்டும். பக்கத்து சீட்டு நசீமா பொறுக்கமாட்டாமல் சொன்னாள்:

“இன்னா சார் இது, நீங்க எட்டிப் பாத்தா மரியாதையா ஓடுது, எங்களைக் கண்டா பேஜார் பண்ணுது.”

கூப்பிடாத குரல்

ஒருநாள் பால் நேரம் நெருங்கும்போது ரயில் அப்படியே நின்றுவிட்டது. நின்றால் எதையும் தொடக்கூடாது, சீட்டை விட்டு எழக்கூடாது, சாரைக் கூப்பிடவேண்டும். அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சத்தம்போட்டுக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. தானாகப் பார்த்து வருவார் என்று இருந்தேன். நான் கூப்பிடாததால் ரயில் ஓடுகிறது என்று அவர் இருந்தார். ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேன். கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த நசீமா என் திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நேராகத் தடுப்பைத் தட்டினாள்.

“நீங்க வருவீங்கன்னு அவ குந்திகினு கீறா, அவ கூப்புடுவான்னு நீங்க குந்திகினு கீறீங்க, நடுவுல கொயந்த பாலில்லாம கீது சார்.”

சார் எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினேன். அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்த பிள்ளை, மடியில் போட்டதும் ஒரு கையால் என் தாலியைப் பிடித்துக்கொண்டே குடித்தது.

இத்தனை நாள் திரையைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான், இரண்டு பேரும் மரியாதையாகக் காத்துக்கொண்டே இருந்தால் யாராவது ஒருத்தர் வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டாக வேண்டும். அதோ, வீட்டுக்காரர் கூப்பிடுகிறார் — இதோ வந்துட்டேங்க, அடுப்பை மட்டும் அணைச்சிட்டு…