ஓட்டைக் கெட்டிலில் ஒரு ரோஜாக் குச்சி

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில், பின்பக்கம், ஓர் ஆள் உயரச் சுவர் இருந்தது. ஏதோ ஒரு மழையில் அதன் நடுப்பகுதி இடுப்பளவுக்கு இடிந்துபோனது. அவர்கள் கட்டுவார்கள் என்று நாங்களும், நாங்கள் கட்டுவோம் என்று அவர்களும் அப்படியே விட்டுவிட்டோம். நல்லவேளை விட்டோம். எனக்கும் அந்த வீட்டு மருமகளுக்கும் இருந்த சிநேகிதமெல்லாம் அந்த இடிசல் வழியாகத்தான் நடந்தது. இங்கிருந்து மீன் குழம்பு போகும், அங்கிருந்து சேமியா வரும். அவள் வாசல் பக்கம் தலைகாட்டாத வீட்டுப் பெண். நானோ ஒரு இடத்தில் நிற்காதவள். அவள் பேசினால் எதிரே நிற்கிறவருக்கே சரியாகக் கேட்காது. நான் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதில் ஒன்றும் பொய்யில்லை.

அவர் தோல் பதனிடுகிற டேனரியில் எஞ்சின் பார்க்கிறவர். பக்கத்து வீட்டுச் சாயபு தோல் வியாபாரி. அவர் பெண்சாதியை நான் பீபி என்று கூப்பிடுவேன், அவள் என்னை அக்கா என்பாள். மாமியார் ஒருத்தி உண்டு. வாயில் வெற்றிலையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக இருப்பாள். அந்த வீட்டில் ஒரு கரண்டி இடம் மாற வேண்டுமென்றாலும் அவள் உத்தரவு வேண்டும்.

ஒரு ஐப்பசி காலை, மழை விட்டிருந்த நேரம், பீபி இடிசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"மெட்ராசுக்குப் போறோம் அக்கா. ஊட்ட வித்தாச்சு."

வீட்டை வாங்கினவரும் தோல்காரர்தான். பின்கட்டு முழுக்கக் கல் பாவித் தோல் காயப்போடப் போகிறாராம். மெட்ராசில் இவர்களுக்குப் பார்த்திருப்பது மாடி வீடு. பொங்கல் கழித்துப் புறப்பாடு.

"அதுக்கா அழற? அங்க கடலே இருக்குது. போய்ப் பாரு," என்றேன்.

அவள் திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தாள். அங்கே ஒரு பன்னீர் ரோஜாச் செடி இருந்தது. பெரிய செடியென்று சொல்ல முடியாது. ஆனால் பூத்தால், டேனரி நாற்றத்தையும் மீறி என் அடுப்பங்கரை வரைக்கும் வாசனை வரும். எங்கள் ஊரில் அது லேசான காரியம் இல்லை.

"இந்த ஊட்ல அண்டா, பாயி, பொட்டி, கோழி எல்லாம் மாமியார் வெச்சது அக்கா. இது ஒண்ணுதான் நான் வெச்சது. மாடி ஊட்ல ஒரு புடி மண்ணு கூட கெடையாதாம்."

யாராவது அழுதால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "சரி, மூக்கைத் தொடச்சிக்க. நாலு குச்சி வெட்டிக் குடு. நான் வேர் விட வெச்சுத் தர்றேன். கையோட எடுத்துனு போ," என்று அதட்டிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே வந்த பிறகுதான், எதில் வைப்பது என்ற யோசனையே வந்தது.

தரையில் நட்டு வேர் விட்டபின் பிடுங்கிக் கொடுக்கலாம் என்றால், இளம் வேர் அறுந்துபோகும். வேர் விடுகிற பாத்திரத்தோடே அது ரயிலேற வேண்டும். அந்தப் பாத்திரம் உடையக் கூடாது. கனக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே தேங்கவும் கூடாது, மடியில் கொட்டவும் கூடாது. போய்ச் சேர்ந்த பிறகும் மாடியில் அதிலேயே பிழைத்துக் கிடக்க வேண்டும். மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இத்தனை பார்ப்பதில்லை.

முதலில் கொட்டாங்கச்சியில் வைத்தேன். மத்தியானத்துக்குள் கோழி கிளறிப் போட்டுவிட்டது. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

"பாத்திரம்தானே? எங்க டேனரில கெடக்குது, வேணும்ற மட்டும் கொண்டாரேன்," என்றார் வீட்டுக்காரர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எது வேண்டுமானாலும் டேனரியில் கிடைக்கும் என்பார்கள். வெந்நீர் அடுப்பு எரிக்க, தோல் ஊறிச் சாறு இறங்கின ஆவாரம்பட்டைச் சக்கை அங்கிருந்து வரும். கதவு கிறீச்சிட்டால் தடவ எண்ணெய் அங்கிருந்து வரும். தொட்டில் கட்டக் கயிறும் அங்கிருந்துதான். கடையில் காசு கொடுத்து வாங்கினவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சொன்னபடியே சின்னச் சின்ன மண் பானைகளாகக் கொண்டுவந்தார். கெட்டியான வாயகன்ற பானைகள். எனக்கே பிடித்துப்போனது. நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, ஆணியால் அடியில் துளை போட்டேன். செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கின எருவும் கலந்தேன். பீபி பென்சில் கனத்துக்குக் குச்சிகளைச் சாய்வாக வெட்டி, சுவர் வழியாக நீட்டினாள். வெட்டின தலைப்பு காய்ந்துபோகாமல் இருக்க மேலே ஒரு சாணி உருண்டை வைத்து, முருங்கை நிழலில் வரிசையாக வைத்தேன். அவள் கை வைக்க வந்தபோதெல்லாம், "நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது," என்று விரட்டினேன். அவள் இடிசலில் முகவாயை ஊன்றிக்கொண்டு நான் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

குச்சியில் பச்சை முளை கண்டது. பீபி முகத்திலும் கண்டது. பிறகு முளையின் ஓரம் கருகியது. அப்புறம் முழுக்கக் கருகியது. தண்ணீர் ஜாஸ்தி என்றேன். வெயில் என்றேன். அந்தக் கிழவி கண் வைத்துவிட்டாள் என்றுகூடச் சொன்னேன். மறுபடி வேறு குச்சிகள் வைத்தேன். அவையும் அப்படியே போயின.

ஒரு நாள் பானையைத் தூக்கிப் பார்த்தபோது, வெளிப்பக்கமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

வீட்டுக்காரர் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தார். "இந்தப் பானைங்க டேனரில எங்க கெடந்துச்சு?" என்றேன்.

"உப்புக் கிடங்குல. பச்சைத் தோலு மேல தூவற உப்ப இதுலதான் அள்ளி வெப்பாங்க. ஏன், நல்லாத்தானே கழுவுன?"

எத்தனையோ காலம் உப்பு குடித்த மண் பானை, கழுவினால் விட்டுவிடுமா? தண்ணீர் ஊற்ற ஊற்ற அது உப்பைக் கக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

"உப்புக்கண்டம் போட உங்களுக்கு ரோஜாதான் கெடைச்சுதா?" என்று கேட்டேன். இன்னும் சிலதும் கேட்டேன். அன்றைக்கு அவர் ரசம் கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவருக்கும் மனசு கேட்கவில்லை போல. அடுத்த வாரம் ஒரு தோல் பையோடு வந்தார். கழித்துப்போட்ட தோல் துண்டுகளைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, பிடி வைத்துக் குட்டி வாளி மாதிரி தைத்து வாங்கியிருந்தார். அடியில் பொடிப் பொடியாகத் துளைகள்.

"கெணத்துல மாடு பூட்டிக் கவலையில தண்ணி எறைக்கிற சாலு தோலுதானே? நாள் பூரா நனையுது, கெடுதா? இதுல வெய்யி. ரயில்ல மடியில வெச்சினு போலாம். ஒடையவே ஒடையாது."

ஆண்பிள்ளைகளுக்கு எப்போதாவது புத்தி வேலை செய்வதுண்டு. நான் வாயெல்லாம் பல்லாக அதை பீபியிடம் காட்டினேன். அவள் கையால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நல்ல குச்சியாகப் பார்த்து அதில் வைத்தேன்.

மறுநாள் காலை பை இருந்த இடத்தில் ஈரம்தான் இருந்தது. எங்கள் தெரு நாய்கள் டேனரிக் கழிவைத் தின்று வளர்ந்தவை. தோல் வாசனை எங்கே வந்தாலும் அது தங்களுக்குப் போட்ட தீனி என்றுதான் அவை நினைக்கும். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருக்கிற எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு கறுப்பு நாய் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே பையை வைத்துக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தது. ரோஜாக் குச்சி அதன் வாயோரத்தில் பீடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது பையோடு ஓடியது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் சிரித்தார்கள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்து பீபியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

"போதும் அக்கா. நாளு கம்மியா கீது. எனக்குக் குடுத்து வெக்கல. வுட்டுடுங்க."

எனக்கு நாய் மேல் கோபம், வீட்டுக்காரர் மேல் கோபம், அழுகிற அவள் மேலும் கோபம். "வேணாம்னா போ. எனக்கு இன்னா வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். இரண்டு மூன்று நாள் இடிசல் பக்கமே போகவில்லை. போகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குள் அங்கே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாததையெல்லாம் மாமியார் பின்கட்டில் வீசிக்கொண்டிருந்தாள். டங்கு டங்கென்று சத்தம் கேட்டபடி இருந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பொறுக்க முடியாமல், கரி எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போனேன். பீபி கிணற்றடியில் குந்தியிருந்தாள். முழங்கை வரைக்கும் மண். முன்னால் ஒரு பெரிய கெட்டில் இருந்தது. நீல எனாமல் பூசியது. வியாபாரத்துக்கு வருகிற தரகர்களுக்கெல்லாம் சாயா அதில்தான் போகும். அடியில் எனாமல் பெயர்ந்து துரு தின்று ஓட்டையாகிவிட்டதால் கிழவி வீசியிருந்தாள்.

பீபி அதில் மண்ணை நிரப்பியிருந்தாள். குச்சியைச் சாய்வாக வெட்டி நட்டு, சாணி உருண்டையும் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு இடிசலுக்கு வந்தாள். அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ஓட்டை கீது. புடி கீது. ஒடையாது. நாயும் தின்னாது," என்றாள்.

நானும் பாத்திரம் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன். இது என் கண்ணுக்கு எதிரே இத்தனை நாள் சாயா ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. சும்மா இருக்க முடியாமல், "ஓட்டை மேல ஓட்டாஞ்சில் வெச்சியா? இல்லன்னா மண்ணு போயிடும்," என்றேன்.

"வெச்சிட்டேன் அக்கா."

கெட்டிலை வாங்கி எங்கள் முருங்கை நிழலில் வைத்தேன். இந்த முறை தண்ணீர் ஊற்றக்கூட அவளே கை நீட்டினாள். கெட்டிலைச் சுவர் மேல் தூக்கி வைப்பது மட்டும்தான் என் வேலை.

மார்கழிப் பனி அதற்கு ஒத்துக்கொண்டது. சிவப்பாக ஒரு கொழுந்து வந்தது. அதற்கு முன்பும் முளை வந்து ஏமாந்திருந்ததால் நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிடுங்கிப் பார்க்கவும் பயம். கடைசியில் வீட்டுக்காரர்தான் எஞ்சினுக்கு அடியில் பார்ப்பது போலத் தரையில் மல்லாந்து படுத்து, என்னைக் கெட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஓட்டையைப் பார்த்தார்.

"வேரு எட்டிப் பாக்குதுடி. வெள்ளையா, நூலு மாதிரி."

அவர் கண்ணில் மண் விழுந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சுவருக்குப் போய் பீபியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

புறப்படுகிற நாளன்று அவர்கள் திரை கட்டின ஜட்காவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஜட்காவில் சாமான் நெருக்கம். அதனால் கெட்டிலை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். பிளாட்பாரத்தில் ஒரு ஆள் கெட்டில் மூக்கை மட்டும் பார்த்து என்னை நிறுத்தி, "சாயா சூடா கீதாம்மா?" என்று டம்ளரை நீட்டினான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, டம்ளரை மடித்துணிக்குள் வைத்துக்கொண்டு போனான்.

ரயில் வந்து நின்றது. பெண்கள் ஏறுகிற பெட்டியில் மாமியாரும் பீபியும் ஏறி உட்கார்ந்தார்கள். சாயபு வெளியே நின்று சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கெட்டிலை ஜன்னலண்டை நீட்டினேன்.

"இது எதுக்கும்மா?" என்றார் சாயபு. நல்ல மனிதர்தான், அவசரத்தில் இருந்தார். "மெட்ராஸ்ல பூக்காரி வாசலுக்கே வருவா. இருக்கிற பேஜார் போதாதா? நீங்களே வெச்சுக்கோங்க."

"படுக்கை எல்லாம் நனையும்," என்று உள்ளேயிருந்து மாமியார் சொன்னாள்.

சண்டை போட வாயெடுத்தேன். ஆனால் அது என் வீடு இல்லை, என் புருஷனும் இல்லை. நீட்டின கெட்டிலைத் திரும்ப இழுத்துக்கொள்ளாமல் நின்றேன்.

"படுக்கைய எறக்கிடச் சொல்லுங்க," என்று ஒரு குரல் கேட்டது. பீபியின் குரல்தான். சத்தம் போடவில்லை. ஆனால் சாயபு, மாமியார், மூட்டை தூக்கினவர், எல்லாருக்கும் கேட்டது. "நான் வெறும் பலகையில உக்காந்துனு வர்றேன். இது வரும்."

முகத்திரைக்கு வெளியே அவள் கை மட்டும் ஜன்னல் வழியாக நீண்டிருந்தது. கிழவி வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டாள். சாயபு பெண்சாதியைப் பார்த்தார். பிறகு, நான்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்பது போல என்னைப் பார்த்தார். சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அப்படி மெதுவாகப் பேசவே தெரியாது.

அவர் படுக்கையை இறக்கச் சொல்லவில்லை. என் கையிலிருந்த கெட்டிலைத் தானே வாங்கி, கொழுந்து ஜன்னல் கம்பியில் இடிக்காமல் கதவு வழியாக உள்ளே கொடுத்தார். கையில் பட்ட ஈர மண்ணைப் பார்த்தார். வண்டி ஊதியது. அவர் தமது பெட்டிக்கு ஓட வேண்டும். ஓடுவதற்கு முன் என்னைப் பார்த்து, "இதுக்குத் தண்ணி எப்பெப்போ ஊத்தணும்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவங்கள ஏன் கேக்கறீங்க?" என்றாள் பீபி உள்ளேயிருந்து. "என்னக் கேளுங்க."