பொய்யுரைத்தறியாதவரின் லப்டொப்

என்னுடைய கல்வெட்டை நானே எழுதி வைத்திருந்தேன். இதை இப்போது சொல்லிவிடுவதில் எனக்குப் புதிதாக நட்டம் ஒன்றுமில்லை.

வெளியூர்க்காரர் கல்வெட்டு என்றதும் கோயில் மதிலையும் கருங்கல்லையும் நினைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். முன்னட்டையில் இறந்தவர் முறைத்துக்கொண்டிருப்பார். உள்ளே தேவாரம், வம்சாவளி, வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். அந்த வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்கென்று ஊரில் ஒரு ஆள் இருக்கும். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் பொறுத்தவரை அந்த ஆள் நான். பத்திரிகையில் பகிடிக் கட்டுரை எழுதுகிறவனிடம் செத்தவீட்டு எழுத்தைக் கொடுக்கிறார்கள். இதில் உள்ள பகிடி இன்றுவரை ஒருவருக்கும் தட்டுப்படவில்லை.

எத்தனையோ பேரைப் "பொய்யே உரைத்தறியாதவர்" என்றும் "பிறர் கையை எதிர்பாராதவர்" என்றும் எழுதிக் கரையேற்றியிருக்கிறேன். ஒருநாள் எனக்கு யார் எழுதுவது என்ற யோசனை வந்தது. ஒழுங்கையில் வேறு எழுத்தாளர் கிடையாது. ஆகவே நானே எழுதினேன். நன்றாகவே வந்தது. முதற் பந்தியிலேயே பொய்யே உரைத்தறியாதவனாகிவிட்டேன். வேலை இல்லாத பின்னேரங்களில் லப்டொப்பில் அதை எடுத்துத் திருத்துவேன். திருத்தத் திருத்த நான் நல்லவனாகிக்கொண்டே போனேன்.

அந்தக் கட்டத்தில்தான் லப்டொப் படுத்தது.

பின்வளவு வீட்டுக்காரர் இறந்து அந்தியேட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வைத்து ஊரிலுள்ள வெங்காயத் தோட்டமெல்லாம் உழுதவர். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பின்னேரம் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தேன். பிறந்த இடம் கேட்டேன். படித்த பள்ளிக்கூடம் கேட்டேன். இரண்டும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அரைப் பக்கத்தோடு மனிதர் முடிந்துவிடுவார் போலிருந்தது. அப்போது அக்கா தானாகவே தொடங்கினார்.

"நான் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை, தம்பி, ஒவ்வொரு நாளும் சைக்கிளிலை பால் கொண்டருவார். 'உன்ரை சிவப்பி தந்தது, குடி' எண்டுவார். சிவப்பி என்ன செய்யிறாள் எண்டு நான் கேட்பன். 'உன்னைத் தேடிக் கத்துறாள்' எண்டுவார். சுகமாகித் துண்டு வெட்டி விட, வீட்டை வந்து பாத்தா மாட்டுக்கொட்டில் வெறுமையாக் கிடக்குது. நான் ஆசுப்பத்திரிக்குப் போன கிழமையே சிவப்பி செத்துப்போச்சாம். அவ்வளவு நாளும் அடுத்த ஒழுங்கையிலை வாங்கின பால். உந்த மனிசன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

அவர் சொல்லச் சொல்ல, அவர் வாயில் வந்தபடியே தட்டிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"இன்னொருக்கா உதைச் சொல்ல என்னாலை ஏலாது, தம்பி. எழுதிட்டியள்தானே?"

"ஓம் அக்கா."

வீட்டுக்கு வந்து மிச்சத்தை எழுதி முடித்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. முதற் பந்தியில் பழக்கதோஷத்தில் "பொய்யே உரைத்தறியாதவர்" என்று போட்டிருந்தேன். அடுத்த பக்கத்தில் செத்த மாடு பால் தருகிறது. எதை வெட்டுவது? யோசிக்க உட்கார்ந்தேன். யோசிக்க உட்கார்ந்த எழுத்தாளனுக்கு உடனடியாக வேறு வேலை ஏதாவது தேவைப்படும். திரையின் மூலையில் அப்டேட் என்று ஒன்று மாதக்கணக்காக நின்று, இப்போது செய்யவா, பிறகு செய்யவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் எந்த விடயத்திலும் பிறகுக் கட்சிக்காரன். அன்றைக்கு, எழுதாமலிருக்க ஒரு சாட்டு வேண்டும் என்பதற்காக, கட்சி மாறி "இப்போது" என்பதை அமத்தினேன்.

லப்டொப் அணைந்தது, எழும்பியது, திரும்ப அணைந்தது. கடைசியில் ஒரு நீலத் திரையில் வந்து நின்று, ரிக்கவரி கீ என்று ரயில்வண்டி நீளத்துக்கு ஒரு இலக்கம் கேட்டது. மோட்டார் சைக்கிள் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தும் போட்டேன். அரசாங்கக் கச்சேரியில்கூட அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

"ஏன் உலாத்துறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு இவ்வளவு நடையோ?"

அச்சகத்துக்கு அடுத்தநாள் பின்னேரம் கொடுத்தாக வேண்டும். காலையில் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு, அக்கா சொன்னதை ஞாபகத்திலிருந்து கடதாசியில் எழுதிப் பார்த்தேன். விடயம் ஒன்றும் தப்பவில்லை. ஆனால் என் கையில் வந்ததும் சிவப்பி "அன்னாரின் இல்லத்துப் பசு" ஆகிவிட்டது. "உன்னைத் தேடிக் கத்துறாள்" என்பது "பிரிவாற்றாது கதறியது" ஆனது. கடதாசியைக் கசக்கிப் போட்டேன். நிறைய வாசித்தவனுடைய கையில் மாடு கூட உயிரோடு இருக்காது.

லப்டொப்பை உரப்பையில் சுற்றிக்கொண்டு மானிப்பாயில் உள்ள ஒரு திருத்தும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எனக்கு முன்னால் வந்த ஒருவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன கிழமை ஒரு பெரிய மனிசன்ரை லப்டொப் வந்தது, அண்ணை. உள்ளுக்குப் பாத்தா, இரண்டாம் கலியாணத்துக்குப் புரோக்கருக்கு எழுதின கடிதம்! வயசிலை பத்தைக் குறைச்சுப்போட்டிருக்கிறார். பேர் சொல்லமாட்டன், அது தொழில் தர்மம்." பிறகு ஊரைச் சொன்னார், அந்த மனிதர் என்ன உத்தியோகம் பார்த்தவர் என்பதைச் சொன்னார், வீட்டு மதிலின் நிறத்தையும் சொன்னார்.

என் கை உரப்பையை இறுக்கிப் பிடித்தது. ஆனாலும் கொடுத்தேன். அவர் கொழுவிப் பார்த்தார்.

"உது தன்னைத் தானே பூட்டிக்கொண்டு நிக்குது. போமற் அடிச்சா புதுசு மாதிரி வரும்."

"உள்ளுக்கு இருக்கிறது?"

"அது போயிடும்."

"ஹாட் டிஸ்க்கைக் கழட்டி வேறொண்டிலை போட்டா?" இதை நான் வரும் வழியில் போனில் படித்திருந்தேன்.

"எதிலை கொண்டுபோய்க் கொழுவினாலும் உந்த நம்பரைத்தான் கேக்கும். முதல்முதல் ஆர்ரை ஈமெயிலிலை திறந்தது? அவையின்ரை கணக்கிலைதான் நம்பர் கிடக்கும். எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் திறந்து, ஒவ்வொண்டாப் பாத்துப் பாத்து எடுத்துத் தாறன்."

ஒவ்வொண்டாப் பாத்துப் பாத்து. என்னுடைய கல்வெட்டு நாளைக்கு மானிப்பாய்ச் சந்தியில் வாசிக்கப்படுவது என் கண்ணில் தெரிந்தது. பெயர் சொல்லமாட்டார். மதில் நிறம் மட்டும் சொல்வார்.

உண்மையைச் சொன்னால், போமற் என்ற சொல் ஒரு கணம் இனித்தது. அடித்தால் என் மானம் தப்பும், சாட்சியே இல்லை. ஆனால் சிவப்பியும் போய்விடும். ஒருமுறை செத்த மாட்டை இரண்டாம் முறையும் சாகவிட்டுவிட்டு, அந்த வீட்டில் போய் எப்படிச் சாப்பிடுவது? சார்ஜரை மறந்துவிட்டேன் என்று சொல்லி லப்டொப்பைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தேன். சார்ஜர் உரப்பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். இன்னொருமுறை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். முற்றத்தில் பந்தலுக்குக் கிடுகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"முடிஞ்சுதோ தம்பி?"

"முடிஞ்ச மாதிரித்தான் அக்கா."

"அந்தப் பால் கதை வந்திருக்குத்தானே? அது ஒண்டே போதும் எனக்கு."

தேத்தண்ணி குடியுங்கோ என்றார். வேலை இருக்கிறது என்று ஓடிவந்துவிட்டேன்.

முதல்முதல் யாருடைய ஈமெயில் என்பது எனக்குத் தெரியும். அது மனைவியின் தம்பி, ரொறன்ரோவில் இருக்கிறவன். ஒரு விடுமுறைக்கு வந்தபோது சொக்லேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் இந்த லப்டொப்பை வைத்துக் கொண்டுவந்தான். விறாந்தையில் இருந்து அதைத் திறந்து, "உங்கடை ஈமெயிலைச் சொல்லுங்கோ அத்தான்" என்றான். எனக்குப் பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தது. "சரி, இப்போதைக்கு என்ரையைப் போடுறன், பேந்து மாத்துவம்" என்றான். அவனும் பிறகுக் கட்சிதான். அன்றிலிருந்து வருடக்கணக்காக அந்த லப்டொப் காலையில் அவன் பெயரைச் சொல்லித்தான் என்னை வரவேற்கும். நானும் சபையில் அடுத்தவனுக்கு வைத்த மாலையை வாங்கிக்கொள்கிறவன் போலப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அங்கே விடிந்து அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம்வரை வளவுக்குள் நடந்தேன். கிணற்றடிக்குப் போனேன், படலைக்குப் போனேன், திரும்பவும் கிணற்றடி. பிறகு எடுத்தேன். முதல் மணியிலேயே வந்துவிட்டான்.

"என்ன அத்தான்? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, மச்சான். லப்டொப்புக்குத்தான்." கதையைச் சொன்னேன். என் கல்வெட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"அட, நம்பரைப் பின்னேரம் பாத்து அனுப்பிறன். ஆனா அதுக்கேன் உந்தப் பதட்டம்? உங்கடை எழுத்தெல்லாம் என்ரை போனிலை கிடக்குதே."

"என்னது?"

"நீங்கள் உதிலை எழுதிறது எல்லாம் தன்ரை பாட்டிலை என்ரை கணக்குக்கு வந்துகொண்டிருக்குது. எனக்கு வாசிக்கத்தான் விடுறியள் எண்டு நினைச்சன். பஸ்ஸிலை போகேக்கை வாசிக்கிறனான். சிவப்பியின்ரை கதையை நேற்று வாசிச்சுப்போட்டு, இறங்கிற இடத்தையும் விட்டிட்டன்."

சிவப்பி உயிரோடு இருந்தாள், ரொறன்ரோவில், ஒரு பஸ்ஸில். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிம்மதி ஒரு மூச்சு அளவுதான் இருந்தது.

"எல்லாம் எண்டால்?"

"எல்லாம்தான் அத்தான். உங்கடை கல்வெட்டும்."

கிணற்றுக்குள் பார்த்தேன். ஆழம் போதாது.

"முதல் கண்டபோது நெஞ்சு பக்கெண்டு போச்சு. 'அன்னார்' எண்டு தொடங்குது! உடனை போன் எடுத்து விசாரிச்சன். நீங்கள் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறியள் எண்டினம். அதுக்குப் பிறகுதான் ஆறுதலா இருந்து வாசிச்சன்."

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டேன். கேட்டது நான் இல்லை. எனக்குள் இருக்கும் எழுத்தாளன். அவனுக்கு வெட்கம் கிடையாது.

"எழுத்து திறம் அத்தான். 'பிறர் கையை எதிர்பாராதவர்' எண்டதை நான் தந்த லப்டொப்பிலை எழுதியிருக்கிறியள். அது ஒண்டுதான்."

"மச்சான், உன்ரை அக்காவுக்கு உதைச் சொல்லிப்போடாதை."

பஸ்ஸின் மணி கேட்டது.

"இனிச் சொல்லமாட்டன் அத்தான்" என்றான்.

அவன் வட்சப்பில் அனுப்பியதை அச்சகத்துக்குக் கொண்டு ஓடினேன். அங்கே நின்றபடியே "பொய்யே உரைத்தறியாதவர்" என்பதை வெட்டச் சொன்னேன். சிவப்பியில் ஒரு எழுத்தும் தொடவில்லை. அவனுடைய பின்னேரத்தில், எங்களுக்கு விடியப்புறம், நம்பரும் வந்தது. தட்டியதும் லப்டொப் திறந்து, என் மச்சானின் பெயரைச் சொல்லி என்னை வரவேற்றது.

அந்தியேட்டிக்கு ஊரே வந்திருந்தது. அக்கா வாசல் விறாந்தையில் பாயில் இருந்தார். கல்வெட்டு அவர் மடியில் இருந்தது. ஒவ்வொரு வரிசை ஆட்கள் வந்து இருக்கும்போதும் அவர் தொடங்கினார்: "நான் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை..." நான் வாழையிலைக்கு முன்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் சொன்னபோது இல்லாதவை எல்லாம் வந்தன. அளவெட்டிப் பக்கம் கணவர் சைக்கிளோடு விழுந்து பால் கொட்டுப்பட்டது, திரும்பிப் போய் இன்னொரு போத்தல் வாங்கிவந்தது, முழங்கையில் இருந்த காயத்துக்கு 'உன்ரை சிவப்பி இடிச்சது' என்று சொன்னது. ஒவ்வொரு முறையும் கதை முன்னையதைவிட நன்றாக இருந்தது. இன்னொருக்காச் சொல்ல ஏலாது என்றவர் அன்று எத்தனை முறை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் சோறு இறங்கியிராது.

கைகழுவப் போகும்போது என்னைக் கண்டுவிட்டார்.

"நல்லா எழுதியிருக்கிறியள், தம்பி. ஆனா கொஞ்சம் சுருக்கிப்போட்டியள்."

மனைவியோடு வீட்டுக்கு ஒழுங்கையால் நடந்து வரும்போது எனக்கு யாராவது ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் சொல்லாததால் நானே தொடங்கினேன்.

"அதிலை 'பொய்யே உரைத்தறியாதவர்' எண்டு முதல் போட்டிருந்தன். பேந்து வெட்டிப்போட்டன், தெரியுமோ? மாடு செத்ததை மறைச்ச மனிசனுக்கு அது பொருந்தாது. செத்தவீட்டு எழுத்தெண்டாலும் ஒரு நேர்மை வேணும்."

மனைவி கல்வெட்டை விசிறியாக்கி முகத்துக்கு விசிறிக்கொண்டு நடந்தாள். படலைக் கொழுக்கியைக் கழட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப உங்கடையிலையும் அதை வெட்டிவிடுங்கோ."