இக்பால் கூண்டில் கரு கட்டாத முட்டைகள்

வெட்டு மிஷின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்ட பிறகு, திருத்தங்கல் காலண்டர் கம்பெனி இக்பாலுக்குக் கழிவுக் காகிதம் அள்ளுகிற வேலையைக் கொடுத்தது. மனசு விட்டுப்போனான். மிச்சமிருந்த ஒரே பிடிப்பு மாடியில் வளர்த்த லவ்பேர்ட்ஸ்தான்.

ஜோடி செத்துப்போன ரோஜா நிற முகங்கொண்ட இனத்துப் பெட்டையை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட வேறு இனத்துச் சேவலோடு அடைத்தான். பொரிந்த குஞ்சுகளில் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் பிழைத்தன. நெற்றி செக்கச்சிவப்பு, கழுத்து தங்கம். அப்படியொரு நிறத்தை யாரும் பார்த்ததில்லை.

"இதுகள வச்சுப் புது வம்சமே எடுத்துருவேன்" என்று மற்ற ஜோடிகளையெல்லாம் கொடுத்துவிட்டான்.

குஞ்சுப் பெட்டை வளர்ந்து கூடு கட்டத் தொடங்கியது. அதன் தாய் காகிதத்தை நாடாவாகக் கிழித்து, வால் பக்கத்து இறகில் செருகிக்கொண்டு பறக்கும். தகப்பன் இனத்தில் அலகில் கவ்விப் போவதுதான் வழக்கம். இதுவோ செருகும், விழும். மறுபடி செருகும், மறுபடி விழும்.

"ஏங்க, இதுக்கு ரெண்டுமே வரலியே" என்றாள் மனைவி ருக்சானா.

இக்பாலே காகிதத்தைக் கூட்டுப் பெட்டிக்குள் திணித்தான். பெட்டை முட்டையிட்டு விடாமல் அடைகாத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் நரம்போட்டமே இல்லை. எல்லாம் கூமுட்டை. அடுத்த ஈட்டில் இட்ட முட்டைகளும் அப்படியே.

கூண்டோடு பஸ் ஏறி விருதுநகர் போனான். கால்நடை டாக்டர் சுகிர்தா பொறுமையாகச் சொன்னார்: "காட்டுல இந்த ரெண்டு இனமும் வேற வேற பக்கம் இருக்கும், சந்திக்கவே சந்திக்காது. கூண்டுல நீங்க சேத்துட்டீங்க, குஞ்சும் வந்துருச்சு. ஆனா அந்தக் கலப்போட நின்னுபோகும். கோவேறு கழுதை குட்டி போடுதா? கூட்டுப் பெட்டிய எடுத்துருங்க. ஓயாம முட்டை போட்டா இது உடம்பு தாங்காது."

"ஒண்ணாவது கரு கட்டாதா, டாக்டரம்மா?"

"கட்டாதுங்க."

வீட்டுக்கு வந்தவனுக்குப் பெட்டியை எடுக்கக் கை வரவில்லை. இன்னும் ஒரே ஒரு ஈடு பார்ப்போம் என்றிருந்தான். அந்த ஈட்டில் முட்டை வயிற்றுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. பெட்டை தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தது. விடிந்தபோது விறைத்துக் கிடந்தது.

"அவுக சொன்னாகள்ல," என்றாள் ருக்சானா.

தனியாக நின்ற சேவல் நாளெல்லாம் கத்தியது. அதற்கு வேறொரு ஜோடி வாங்கிப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"போட்டு என்ன செய்ய?" என்றான்.

அன்றிலிருந்து இக்பால் மாடிப்படி ஏறவில்லை. தினை போடுவதும் தண்ணீர் வைப்பதும் ருக்சானாதான்.