சிங்க வாயில் வந்த புகை

போன திங்கட்கிழமை ஒரு சிங்கம் எனக்குப் பதவி வாங்கிக் கொடுத்தது. பீங்கான் சிங்கம். வயிற்றில் கரித்தணலும் சாம்பிராணியும் போட்டால் வாய் வழியாகப் புகை விடும் தூபக்கால்.

ஷ்வேப்யிதா என்ற பர்மிய ஊரில் ஒரு பீங்கான் பட்டறையில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. (இதை நான் சொல்லாத வாரம் உண்டா?)

ஷோரூம் பொறுப்புக்கு ஆள் தேடிய முதலாளியம்மா டோ மியா, என் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கினார். மார்க் பார்க்க அல்ல... பிறந்த தேதி பார்க்க!

இந்த ஊரில் பிறந்த கிழமைக்கு ஒரு மிருகம். டோ மியா வியாழன் — எலி. சனிக்கிழமைக்காரர்கள் அவருக்கு ஆகாது. அவர்கள் நாகம். எலி தன் பக்கத்தில் பாம்பை உட்கார வைக்குமா? பழைய காலண்டரைப் புரட்டினார். என் தேதி செவ்வாய் — சிங்கம்.

"மா செல்வி, நாளையிலேர்ந்து ஷோரூம் உன் பொறுப்பு" என்று தூபக்காலைக் கையில் கொடுத்தார். ('மா' என்பது இங்கே பெண்கள் பெயருக்கு முன் போடும் மரியாதை.) "காலையில நீயே சாம்பிராணி போடு. வாயில புகை வரணும். அதான் சகுனம்."

நான்கு வருடக் கெமிஸ்ட்ரியை ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயித்துவிட்டது. சரி, போகட்டும்.

வீட்டில் சிங்கத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏண்டி, சனிக்கிழமை பொறந்தவளுக்கு எதுக்கு சிங்கம்?"

"சனிக்கிழமையா? சர்டிபிகேட்ல..."

"அது வாத்தியார் போட்ட தேதி. உங்கப்பா தெரியாதுன்னு தலையச் சொறிஞ்சாரு, அவர் ஒண்ண எழுதிக்கிட்டாரு. சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்குப் போடக் கிளம்புறேன், வலி வந்துருச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

ஆக, நான் நாகம்!

மறுநாள் காலை. பட்டறையே சுற்றி நிற்கிறது. தணல் வைத்து, சாம்பிராணி தூவி, மூடினேன். மூடியின் இடுக்கில் புகை கசிந்தது. வாயில்...? ஒன்றுமில்லை.

டோ மியாவின் முகம் மாறியது. "மா செல்வி, நீ நெஜமா செவ்வாய்க்கிழமைதானா?"

ஒரு நிமிடம் கெமிஸ்ட்ரி எல்லாம் மறந்துபோனது. சிங்கத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றே நம்பினேன் — பட்டதாரி நான்!

பிறகு குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தேன். சூளையில் உருகி வழிந்த கிளேஸ் பூச்சு, மெல்லிய படலமாக ஓட்டையை அடைத்திருந்தது. கொண்டை ஊசியை உருவி ஒரே குத்து. புகை ஜோராக வந்தது.

"பாத்தீங்களா! செவ்வாய்க்கிழமைக்காரி கை!" என்று டோ மியா கைதட்டினார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

கல்விதான் என்னை உயர்த்தியது என்று எழுதத்தான் ஆசை. என்ன செய்ய? அப்பா தலையைச் சொறிந்ததற்கும் அதில் பங்கு இருக்கிறதே!

ஷோரூமில் இப்போது சிங்கம் புகை விடுகிறது. நாகம் சம்பளம் வாங்குகிறது.